எச்61 போர்டு, ஐ3-2120: பிராசசர் மாத்தறதா, ரேம் ஏத்தறதா?

பழைய_கேபினெட்:
எச்61 மதர்போர்டு, ஐ3-2120, 2 ஜிபி ரேம் ரெண்டு (டிடிஆர்3 1333), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிரவுசர்ல பத்து டேப் திறந்தாலே திணறுது. எக்செல், கொஞ்சம் போட்டோ எடிட்டிங் வேலையும் இருக்கு. புது போர்டு வாங்க பட்ஜெட் இடம் தராது. செகண்ட் ஹேண்ட் ஐ7-3770 போடலாமா, ஐ5-3470 போதுமா? ஜியான் ஈ3-1230 வி2 (இன்டெல்லோட சர்வர் பிராசசர்) இன்னும் மலிவா வரும்னு சொல்றாங்க. ரேம் 8 ஜிபி ஸ்டிக் ஒண்ணே போதுமா?

சாக்கெட்1155:
பிராசசரைக் கடைசியா வைங்க. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வச்சுக்கிட்டு டேப்களைத் திறங்க. மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க் 100லயே நின்னா, ரேம்ல இடமில்லாம ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு அரைக்குதுன்னு அர்த்தம். அந்த நிலையில ஐ7 போட்டாலும் திணறல் அப்படியேதான் இருக்கும்.

அதனால முதல்ல ரேம், அடுத்து சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா போடற வேகமான டிஸ்க்). எச்61ல டிஸ்க்கை இணைக்கிற வழி பழைய சாட்டா 2 மட்டும்தான், நொடிக்கு 280 எம்பி கிட்ட முட்டி நின்னுடும். பரவாயில்ல, சின்னச் சின்ன ஃபைல்களை எடுக்கிற வேகத்துலதான் வித்தியாசம் தெரியும்.

ஜியான் ஈ3-1230 வி2ல கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாம போட்டா திரையில ஒண்ணும் வராது. அதோட, சாதாரண போர்டுகளோட பயாஸ்ல (கணினியைத் தொடங்கி வைக்கிற, போர்டுலயே இருக்கிற மென்பொருள்) ஜியானுக்கு ஆதரவு இருக்கும்னு உறுதி இல்ல. உங்க வேலைக்கு ஐ5-3470 போதும்: 4 கோர், 77 வாட். ஆனா 3470டி-ன்னு கொடுத்தா வாங்காதீங்க. கடைசியில அந்த "டி" இருந்தா 2 கோர்தான். 3570கே-க்குக் கூடுதலா கொடுக்கவும் வேண்டாம், எச்61ல ஓவர்கிளாக் பண்ண (பிராசசர் வேகத்தை அளவுக்கு மேல ஏத்த) வழி இல்ல. 4000 வரிசை ஐ5 எல்லாம் 1150 சாக்கெட், உங்க போர்டோட 1155 சாக்கெட்டுக்குள்ள உட்காராது.

மெம்டெஸ்ட்:
ரேம்ல ஒரு பெரிய பள்ளம் இருக்கு. இன்டெல்லோட 2-ஆம் (உங்க ஐ3-2120), 3-ஆம் (ஐ5-3470) தலைமுறை பிராசசர்கள் 8 ஜிகாபிட் (ஒவ்வொண்ணும் 1 ஜிபி) சிப் வச்ச ரேமைப் படிக்காது. 8 ஜிபி ஸ்டிக்னா ரெண்டு பக்கமும் எட்டெட்டு, மொத்தம் 16 சிப் இருக்கணும். லேபிள்ல 2ஆர்×8 இருக்கும். 1ஆர்×8 போட்ட 8 ஜிபி ஸ்டிக் எட்டே சிப்போட வரும், போட்டா பீப் சத்தமோ கருப்புத் திரையோதான். "ஏஎம்டி போர்டுக்கு மட்டும்"னு மலிவா விக்கிற ஸ்டிக்கும் இதுல ஓடாது.

ஒரே 8 ஜிபி ஸ்டிக்கை விட 4 + 4 நல்லது. உங்க கிராபிக்ஸ் பிராசசருக்குள்ளயே இருக்கு, அது ரேமைத்தான் பங்கு போட்டுக்குது. ரெண்டு ஸ்லாட்டுலயும் ஸ்டிக் இருந்து ரெண்டு சேனலும் (ரேமுக்குப் போற பாதை) வேலை செஞ்சா அதுக்கும் வேகம் கிடைக்கும். எச்61 போர்டுல ரெண்டே ஸ்லாட், அதிகபட்சம் 16 ஜிபி. பிறகு 16 வேணும்னா ரெண்டு 4-ஐயும் கழட்டணும். அதைத் தவிர்க்கணும்னா இப்ப ஒரு 8 (2ஆர்×8), பிறகு அதே மாதிரி இன்னொண்ணு.

விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டான்னும் பாருங்க. 32 பிட்டுன்னா 4 ஜிபிக்கு மேல பயன்படாது. 64க்கு மாத்தறதுன்னா புதுசாத்தான் இன்ஸ்டால் பண்ணணும். எப்படியும் எஸ்எஸ்டி போடறப்ப அதைச் செஞ்சிடலாம்.

பழைய_கேபினெட்:
மெமரி 94, டிஸ்க் 100. விண்டோஸ் 64 பிட்தான். ரேமும் எஸ்எஸ்டியும் முதல்ல வாங்கறேன். பயாஸ் தேதி 2011ன்னு காட்டுது. பின்னாடி 3470 போட்டா ஓடுமா?

சாக்கெட்1155:
இப்ப இருக்கிற பயாஸ்ல பெரும்பாலும் ஓடாது. 3-ஆம் தலைமுறை வந்ததே 2012லதான். பழைய ஐ3 உள்ள இருக்கும்போதே பயாஸ் அப்டேட் முடிஞ்சிருக்கணும். அப்டேட் பண்ணாம பிராசசரை மாத்திட்டா திரையே வராது, அப்புறம் அப்டேட் பண்ண மறுபடி ஐ3-ஐத்தான் போடணும். சிபியு-இசட்ங்கிற (கணினி பாகங்களோட விவரம் காட்டற) மென்பொருள்ல மெயின்போர்டு பக்கத்தைத் திறந்து மாடல், ரிவிஷன் ரெண்டையும் குறிச்சுக்கிட்டு, தயாரிப்பாளர் தளத்துல "சிபியு சப்போர்ட்" பட்டியல்ல 3470க்கு எந்த பயாஸ் வெர்ஷன்னு பாருங்க. சில போர்டுகள்ல நடுவுல ஒரு வெர்ஷனை ஏத்திட்டுத்தான் கடைசி வெர்ஷனை ஏத்தணும், அந்த வரிசையைத் தாண்டாதீங்க. பட்டியல்லயே 3470 இல்லன்னா ஐ5-2400 பாருங்க. அதுவும் 4 கோர், உங்க ஐ3 தலைமுறைதான்.

மெம்டெஸ்ட்:
மாத்தும்போது கவனிக்க வேண்டியது: 1155ல பின் எல்லாம் போர்டுலதான் இருக்கு. பிராசசரை ஓரத்துல பிடிச்சு, ரெண்டு வெட்டும் சாக்கெட்டோட பொருந்துற மாதிரி நேரா இறக்குங்க, நகர்த்தாதீங்க. பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைச்சு எடுத்துட்டு, நடுவுல பட்டாணி அளவு புது பேஸ்ட். ஹீட்சிங்க்கோட நாலு புஷ் பின்னையும் குறுக்குக் குறுக்கா அழுத்துங்க, ஒரு பக்கமா வேண்டாம். போர்டுக்குப் பின்பக்கம் நாலு முனையும் வெளிய வந்திருக்கணும். ஒண்ணு வராட்டியும் சூடு சட்டுன்னு 90 டிகிரியைத் தொடும்.

மாத்தினப்புறம் ஒரு ஸ்லாட் ரேம் மட்டும் காணாம போனா ரேமைக் குறை சொல்லாதீங்க. சாக்கெட்ல வளைஞ்ச பின்னாவோ, ஒரு பக்கமா அழுத்தின ஹீட்சிங்க்காவோதான் பெரும்பாலும் இருக்கும். ரேம் வந்தவுடனே மெம்டெஸ்ட்86+ங்கிற ரேம் சோதனை மென்பொருளை ஒரு முழுச் சுற்று ஓட்டுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் திருப்பிக் கொடுத்துடுங்க.