விடுமுறை காற்பந்து முகாமுக்குப் பணம் கட்டலாமா?

செந்தூல் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். என் மகன் ஆண்டு 4 படிக்கிறான். நவம்பரில் பிறந்தவன், வகுப்பிலேயே சின்ன உருவம். பந்து என்றால் அவனுக்கு உயிர். பள்ளிக் குழுத் தேர்வில் இந்த முறையும் அவன் பெயர் வரவில்லை. "இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

வரும் பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் காற்பந்துத் திறன் முகாம் ஒன்று நடக்கிறது. காலை 8.30 முதல் 11.30 வரை, 450 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஜெர்சி, சான்றிதழ் எல்லாம் சேர்த்து. விளம்பரத்தில் ஒரு வெளிநாட்டுக் கிளப்பின் பெயர் பெரிதாகப் போட்டிருக்கிறது. "ஐந்து நாளில் என்ன கற்றுவிடப் போகிறான்? அந்தக் காசுக்கு நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடுத்து, கீழே ஃபுட்சால் (சின்ன கோர்ட்டில் ஆடும் காற்பந்து) கோர்ட்டில் விளையாட விடு" என்கிறார் வீட்டுக்காரர். மாமியாருக்கு வெயில் கவலை. நிஜமாகவே பயன் உண்டா? சேர்ப்பதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கோல் காவலர்

தங்கச்சி, வணக்கம். ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு திடலில் வார இறுதிகளில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். விடுமுறை முகாம்களிலும் உதவிப் பயிற்றுநராக நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நவம்பர் என்றீர்களே, முதலில் அதைப் பேசுவோம். இங்கே வயதுப் பிரிவு பிறந்த ஆண்டை வைத்துத்தான். ஜனவரியில் பிறந்த பையனும் உங்கள் மகனும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிறார்கள். பத்து வயதில் பத்து மாதம் என்பது உயரத்திலும் கால் பலத்திலும் அப்படியே தெரியும். தேர்வு செய்பவரின் கண்ணில் முதலில் படுவது ஓட்டமும் உதையும்தானே. உலகம் முழுக்க இளையோர் அணிகளில் வயதுக் கணக்கு தொடங்கும் மாதங்களில் பிறந்தவர்கள்தான் அதிகம் என்று ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். இதற்காகவே இங்கிலாந்து பிரிமியர் லீக் அகாடமிகள், வயதுக்குப் பதிலாக உடல் வளர்ச்சியைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து ஆட்டங்கள் நடத்திப் பார்த்தன. ஆகவே உங்கள் மகனுக்குத் திறமை இல்லை என்று யாரும் தீர்ப்பு எழுதிவிடவில்லை. இதை அவனிடம் உட்கார வைத்துச் சொல்லுங்கள், அவனுக்குப் புரியும்.

இப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் நல்ல முகாம் அதிகம் உதவும். பள்ளித் திடலில் பக்கத்துக்குப் பதினொரு பேர், நடுவில் ஒரே ஒரு பந்து. சின்ன உருவப் பையனை ஓரத்தில் நிறுத்திவிடுவார்கள். பந்து அவனிடம் வருவதற்குள் வளர்ந்த பையன் குறுக்கே வந்து அடித்துவிடுவான். ஒரு மணி நேரம் வேர்க்க வேர்க்க ஓடியும் அவன் கால் பந்தில் பட்டது கொஞ்சம்தான். நல்ல முகாமில் ஆளுக்கொரு பந்து கொடுப்பார்கள். அப்புறம் மூன்றுக்கு மூன்று, நான்குக்கு நான்கு என்று சின்ன ஆட்டங்கள். அங்கே ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. பந்து வந்துகொண்டே இருக்கும், முடிவு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தேர்வு பயம் இல்லாததால் தப்பாகப் போனாலும் துணிந்து முயற்சி செய்வார்கள்.

ஒரு முகாமில் நான் பக்கத்திலேயே நின்று பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பையன், பந்து வந்தால் உள்ளங்காலால் மிதித்து நிறுத்துவான். அப்புறம்தான் தலையை நிமிர்த்துவான். அதற்குள் எதிராளி வந்து பிடுங்கிவிடுவான். தலைமைப் பயிற்றுநர் அவனைத் திட்டவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் என்னை நிற்க வைத்து, கையில் மஞ்சள் கூம்பு ஒன்று, சிவப்புக் கூம்பு ஒன்று கொடுத்தார். பந்து உருண்டு வரும் நேரத்தில் நான் ஏதாவது ஒன்றைத் தூக்கிக் காட்ட வேண்டும். பந்து காலில் படுவதற்கு முன் அவன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து நிறத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் நிறத்தைச் சொன்னால் பந்தை விட்டான், பந்தைப் பிடித்தால் நிறத்தை விட்டான். மூன்றாம் நாள் "சிவப்பு" என்று கத்திக்கொண்டே உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, பந்துக்குத் தள்ளி இருக்கும் காலின் உள்பக்கத்தில் அதை வாங்கி, அதே தொடுதலில் திரும்பி ஓடினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உருவம் சின்னதாக இருந்தால் என்ன, பந்து வருவதற்கு முன்பே சுற்றிலும் பார்த்துவிட்டவனை யார் தள்ளிவிட முடியும்?

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஐந்து நாளில் யாரும் ஆட்டக்காரர் ஆகிவிட முடியாது. கால் பழகுவதற்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முகாமில் கற்ற இரண்டு மூன்று பயிற்சிகளை அடுத்த மாதங்களில் வீட்டுத் தாழ்வாரத்தில் செய்தால்தான் காசுக்குப் பலன். ஃபுட்சால் கோர்ட்டையும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பந்து அதிகம் எகிறாது, இடமும் குறைவு, அதனால் கால் வேலை தானாக வரும். மெஸ்ஸி, ரொனால்டினோ எல்லாரும் சின்ன வயதில் ஃபுட்சால் ஆடியவர்கள்தான்.

ஆக, விளம்பரத்தில் உள்ள கிளப் பெயரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். திடலில் இறங்கி நிற்கப் போவது யார், அவரிடம் ஏஎஃப்சி (ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு) கொடுக்கும் பயிற்றுநர் உரிமமான சி லைசென்ஸாவது இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் பெயர் சொல்லித் திருத்த நேரம் இருக்காது. முடிந்தால் அவர்களுடைய வழக்கமான பயிற்சி ஒன்றை ஓரமாக நின்று பாருங்கள். பிள்ளைகள் கூம்புக்கு முன்னால் வரிசையில் நின்று முறைக்காகக் காத்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பத்து வயதுக்குச் சின்ன அளவான 4ஆம் எண் பந்துதான். பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் கொடுத்தால் அவர்கள் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. சில முகாம்களில் பாதி நேரம் வீடியோவுக்காக ஃப்ரீ கிக் அடிக்க விடுவார்கள். 2016இல் பினாங்கு சிட்டி ஸ்டேடியத்தில் பினாங்கு ஆட்டக்காரர் பைஸ் சுப்ரி பகாங் அணிக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் அடித்த அந்த வளைந்த கோல், ஆண்டின் சிறந்த கோலுக்கு ஃபிஃபா கொடுக்கும் புஷ்காஷ் விருது வாங்கியது. அதை யூடியூபில் பார்க்காத பையனே என் திடலில் கிடையாது. ஆசைக்கு அடிக்கட்டும், தப்பில்லை. ஆனால் பத்து வயதில் முதல் தொடுதலும் பார்வையும்தான் சோறு, மற்றதெல்லாம் அப்பளம்.

செராஸ் பிசியோ

நான் பிசியோதெரபிஸ்ட். பள்ளி விடுமுறை முடிந்த கையோடு குதிகால் வலி என்று பிள்ளைகள் வருவார்கள், அதனால் இதை எழுதுகிறேன். 8 வயதிலிருந்து 14 வயது வரை குதிகால் எலும்பில் வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் மென்மையான பகுதி) இன்னும் இறுகியிருக்காது. திடீரென்று தினமும் மூன்று மணி நேரம் ஓடினால் பின்னங்கால் தசைநார் அதை இழுத்து இழுத்து வலி வரும். பிள்ளை நுனிக்காலில் நடந்தாலோ, காலையில் எழுந்ததும் நொண்டினாலோ "சமாளித்துக்கொள்" என்று அனுப்பாதீர்கள். ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். முகாமுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஓட விடுங்கள்.

ஆட்டத்துக்கு முன் என்ன வார்ம் அப் செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஃபிஃபா 11+ கிட்ஸ் என்று 7 முதல் 13 வயதுக்காகவே ஒரு பயிற்சித் தொகுப்பு இருக்கிறது. மொத்தமே ஏழு பயிற்சிகள், 15 முதல் 20 நிமிடம். நான்கு ஐரோப்பிய நாடுகளில் சோதித்தபோது காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. பந்தைத் தலையால் முட்டும் பயிற்சி இந்த வயதுக்கு வேண்டாம். இங்கிலாந்தில் 2020 முதல் சின்னப் பிள்ளைகளின் பயிற்சியில் அது கூடாது என்று வழிகாட்டி இருக்கிறது.

உங்கள் மாமியாரின் கவலை நியாயமானது. ஐரோப்பாவில் கோடை முகாம் என்றால் குளிருக்குப் பிறகு கிடைக்கும் வெளிச்சம். நமக்கு வருடம் முழுக்க இதே வெயில்தான். 11.30க்கு முடிகிறது என்றால் பரவாயில்லை, ஆனால் கடைசி ஒரு மணி நேரத்தில் நிழலில் இடைவெளி கொடுக்கிறார்களா பாருங்கள். தாகம் எடுத்த பிறகு குடிக்கக் காத்திருக்காமல் ஒவ்வோர் இடைவெளியிலும் தண்ணீர் குடிக்கட்டும். இடி கேட்டால் உடனே எல்லாரும் கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் திடலில் கால் வைக்கக் கூடாது. இதை அவர்களிடம் கேட்கும்போது தயங்கினால் வேறு முகாம் பாருங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகளே வெளிப்புற நடவடிக்கையை நிறுத்துகின்றன. முகாமும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

பட்டர்வொர்த் அப்பா

கோல் காவலர் அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு மகள். முகாமில் அவள் ஒருத்திதான் பெண் பிள்ளை. முதல் நாள் காரை விட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். பயிற்றுநர் வந்து, "இன்றைக்கு நீதான் பந்துப் பை பொறுப்பு" என்று சாவியைக் கொடுத்தார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு யாரும் அவளைக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. தமிழ்ப் பள்ளியில் படிப்பதால் மலாய் பேசக் கூச்சப்படுவாள். இப்போது முகாமில் பழகிய மலாய்த் தோழி, சீனத் தோழியோடு வாரம் ஒருமுறை விளையாடுகிறாள். "பாஸ், பாஸ், சினி, சினி" (மலாயில் 'இங்கே, இங்கே') என்று அவள் கத்துவது பக்கத்து புளோக் வரை கேட்கும். எனக்கு அதுவே பெரிய லாபம்.

பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா, உடை மாற்ற, கழிப்பறைக்குத் தனி இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பயிற்றுநர்கள் பிள்ளைகளுக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது. எல்லாம் பெற்றோர் குழுவில்தான். பையனாக இருந்தாலும் இதே விதிதான்.

செந்தூல் அம்மா

எல்லாருக்கும் நன்றி. அண்ணே, நீங்கள் எழுதியதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். ஜனவரி, நவம்பர் கதையைக் கேட்டுவிட்டு, "அப்போ நான் இன்னும் வளருவேன்ல?" என்று கேட்டான்.

450 வெள்ளி முகாமுக்குப் போன் அடித்தேன். ஒரு பயிற்றுநருக்கு இருபது பேராம். யார் வருவார் என்று இன்னும் முடிவாகவில்லையாம். பெற்றோர் வாசலில் விட்டுவிட்டுப் போய்விட வேண்டுமாம். கெப்போங் பக்கம் வேறொரு முகாம் கண்டுபிடித்தேன். மூன்று காலைப் பொழுது, 180 வெள்ளி, ஒருவருக்கு எட்டுப் பிள்ளைகள், 4ஆம் எண் பந்து. ஜெர்சி, சான்றிதழ் எதுவும் இல்லை. செயற்கைப் புல் திடல். இதில் சேர்க்கலாமா? அதற்கு எந்த பூட்ஸ்?

பழைய கோல் காவலர்

யோசிக்காமல் கெப்போங்கில் சேர்த்துவிடுங்கள் மா. மிச்சக் காசில் வீட்டுக்கு ஒரு 4ஆம் எண் பந்து வாங்கலாம். செயற்கைப் புல் திடலுக்கு, அடிப்பாகத்தில் குட்டிக் குட்டியாக நிறைய ரப்பர்க் குமிழ் உள்ள காலணிதான் வேண்டும். நீளமான குமிழ் உள்ள பூட்ஸ் அந்தத் தரையில் சிக்கி முட்டியைத் திருகிவிடும். வளருவான் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள், காலுக்குள் ஆடினால் பந்து கட்டுப்பாடே வராது.

முடிந்து வீட்டுக்கு வந்ததும் எத்தனை கோல் போட்டாய் என்று கேட்காமல், இன்றைக்குப் புதிதாக என்ன செய்து பார்த்தாய் என்று கேளுங்கள். செய்து காட்டச் சொல்லுங்கள், அப்பாவும் எதிரில் நின்று பந்து தள்ளட்டும். பள்ளியில் அடுத்த தேர்வு வரும்போது ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். நான்குக்கு நான்கு ஆட்டம் ஒன்றிலும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய முடியுமா சார் என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் நல்லவர்கள், நேரம்தான் இல்லை. திடலில் கூம்பு அடுக்க ஆள் வேண்டும் என்றால் சனிக்கிழமை தவிர எந்த நாளும் நான் வருகிறேன்.