திம்பம் மலைப்பாதை இரவுத் தடை: நெருக்கடி வனத்துறையாலா, புக்கிங் ஆபீஸாலா?

சத்தி புக்கிங்:
சத்தியமங்கலத்திலிருந்து (சத்தி) சாம்ராஜ்நகருக்குப் போகிற திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி 10 முதல் இரவுத் தடை இருக்கிறது. மலையடிவாரத்துப் பண்ணாரிக்கும் மேலே கர்நாடக எல்லையில் இருக்கிற காரப்பள்ளத்துக்கும் இடையே சரக்கு வண்டிகள் மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை போகக் கூடாது. கார் போன்றவற்றுக்கு இரவு 9 மணி முதல் தடை. பிறகு வந்த திருத்தத்தில் 16.2 டன் எடை வரம்பும், பன்னிரண்டு சக்கரத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு முழுத் தடையும் சேர்ந்துகொண்டன. சரக்குக்காரருக்கு லாரி பிடித்துக் கொடுக்கிற புக்கிங் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது எங்கள் வயிற்றில் அடிக்கிற உத்தரவு.

சாம்ராஜ்நகர்ப் பக்கத்துக் கருங்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் கல் ஏறத்தாழ 3 டன் எடை. குவாரியில் வெட்டும் பாளம் ஐந்து, ஆறு கன மீட்டர் வந்துவிடும். வாழைத்தார் மாதிரி இரண்டு வண்டிக்குப் பிரித்து ஏற்ற முடியுமா? ட்ரெய்லர்தான் வேண்டும். ட்ரெய்லர் என்றால் பெங்களூர்ப் பக்கம் ஏறி, கிருஷ்ணகிரி, தொப்பூர், சேலம், பவானி என்று ஊரைச் சுற்றி வர வேண்டும். வழி நெடுகச் சுங்கச்சாவடி. இந்தக் கூடுதல் செலவு முழுவதும் வாடகையில்தான் விடிகிறது.

என் கோரிக்கை இதுதான். இரவில் குறிப்பிட்ட நேரங்களில், வனத்துறை ஜீப் முன்னால் போக, பத்துப் பத்து வண்டியாக விடட்டும். காட்டுக்கும் கேடு இல்லை, தொழிலும் பிழைக்கும்.

மாயாறு:
அண்ணா, கேடு இல்லை என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமானது. 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. ஒரு பக்கம் முதுமலை, பந்திப்பூர், இன்னொரு பக்கம் பிலிகிரிரங்கன் மலை என்று தொடர்ந்து கிடக்கிற காடு அது. அதன் நடுவே 948ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. யானைகள் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தேடி இறங்கவும் ஏறவும் இந்தச் சாலையைக் கடந்தே ஆக வேண்டும்.

பத்து லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் போனால், குட்டியுடன் சாலையோரம் நிற்கிற கூட்டம் எந்த இடைவெளியில் கடக்கும்? ஒற்றை வண்டி போனால் இருட்டு திரும்பிவிடும். வரிசை போனால் அது நகர்கிற சுவர். முன்னால் ஜீப் போவதால் பின்னால் வருகிற எட்டாவது லாரியின் வேகம் குறைந்துவிடாது. மான், சிறுத்தை அடிபட்டுச் செத்த கணக்கை நீதிமன்றத்தில் எடுத்து வைத்த பிறகுதான் இந்த உத்தரவே வந்தது. இதே தடைக்கான மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு 2019 ஜனவரியிலேயே வந்துவிட்டது. மூன்று ஆண்டுகள் அது காகிதத்தில் தூங்கியது.

பந்திப்பூரில் 2009 முதல் இரவுத் தடை இருக்கிறது. அந்த வழியாக நடக்கிற மைசூர், கோழிக்கோடு வியாபாரம் நின்றா போய்விட்டது?

பத்துச்சக்கரம்:
நான் ஓட்டுநர். இருவர் சொல்வதிலும் ஓட்டுகிறவன் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

தடை எனக்குப் பிரச்சினை இல்லை. இரவில் அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு இறங்க எந்த ஓட்டுநரும் ஆசைப்படுவதில்லை. பிரச்சினை எங்கே தெரியுமா? மாலை ஐந்து மணிக்குக் காரப்பள்ளம் சோதனைச் சாவடியில் வந்து பாருங்கள். காலையில் புறப்பட்டிருக்க வேண்டிய வண்டிகள் எல்லாம் அந்த நேரத்தில்தான் முண்டியடித்துக்கொண்டு நிற்கும். ஆறு மணிக்குள் பண்ணாரி இறங்கியாக வேண்டும். நடுவில் ஆசனூர், திம்பம், பிறகு மலை இறக்கம்.

இறக்கத்தில் இரண்டாவது கியரில்தான் வர வேண்டும். அவசரத்தில் மூன்றாவதைப் போட்டால் எஞ்சின் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். நாலைந்து வளைவு தாண்டுவதற்குள் பிரேக் லைனிங் கருகுகிற வாசம் கேபினுக்குள் வரும். அப்போது ஓரம் கட்டி ஆறவிட வேண்டும். கிளீனர் இறங்கிப் பின்சக்கரத்துக்கு ஆப்புக் கட்டை வைப்பான். ஆனால் மணி ஐந்தரை. புக்கிங் ஆபீஸிலிருந்து போன் மேல் போன். "எங்கே இருக்கிறாய், கேட் மூடிவிடுவார்கள்" என்று. ஆறவிடாமல் எடுக்கிறான் பாருங்கள், அவன்தான் வளைவில் குறுக்கே மாட்டுகிறான், அல்லது தடுப்புச் சுவரை உடைக்கிறான்.

குவாரியில் காலை ஏழு மணிக்கு வண்டியை நிறுத்தச் சொல்வார்கள். கிரேன் வராது. பில் வராது. மூன்று மணிக்கு ஏற்றி, சங்கிலி போட்டு, "விரட்டிக்கொண்டு போ" என்பார்கள். இதற்கு வனத்துறை என்ன செய்யும்?

சத்தி புக்கிங்:
தம்பி, போன் செய்வது எங்களுக்கு வேண்டுதலா? சரக்குக்காரர் எங்களை நெருக்குகிறார், நாங்கள் உங்களைக் கேட்கிறோம். சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான ஈ-வே பில் காலாவதியாகிவிட்டால் வழியில் மடக்கி அபராதம் போடுகிறார்கள். ஓர் இரவு சாவடியில் நின்றால் அந்த பில் என்ன ஆகும்? அதையும் யோசியுங்கள்.

வரிக்கணக்கு:
இதில் மட்டும் குறுக்கிடுகிறேன். ஈ-வே பில் சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். அந்த ஒரு நாள் என்பது, வண்டி விவரம் பதிந்த தேதிக்கு மறுநாள் நள்ளிரவில்தான் முடிகிறது. சாம்ராஜ்நகரிலிருந்து சத்திக்கு 100 கிலோமீட்டர்கூட இல்லை. இன்று மூன்று மணிக்குப் போட்ட பில்லோடு இரவு நின்று, நாளை காலை ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் இறங்கினால், இன்னும் பதினெட்டு மணி நேரம் மீதி இருக்கும். அதற்குள் முடியாவிட்டாலும் காலாவதிக்கு முந்தைய 8 மணி நேரத்திலோ பிந்தைய 8 மணி நேரத்திலோ நீட்டிப்புக் கேட்கலாம். ஓட்டுநரை விரட்டுவதற்கு இது காரணம் ஆகாது.

தாளவாடி விவசாயி:
நீங்கள் எல்லோரும் கல்லையும் இரும்பையும் பற்றிப் பேசுகிறீர்கள். நாங்கள் அந்தச் சாலையின் மேல் முனையில் குடியிருக்கிறோம். தக்காளியும் முட்டைக்கோசும் விளைகிற ஊர். பறித்த காய் விடியற்காலைச் சந்தைக்குப் போனால்தான் விலை. 2022இல் தடை வந்தபோது கடையடைத்துப் போராடினோம். அதன் பிறகுதான் உள்ளூர் வண்டிகளுக்கு வழி கிடைத்தது.

ஆனால் சத்தி புக்கிங் அண்ணன் கேட்கிற ட்ரெய்லர் அனுமதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீளமான வண்டி ஒன்று வளைவில் மாட்டினால் அரை நாள் சாலை அடைபடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருகிற பஸ் அதன் பின்னால் நிற்கும். பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு திம்பத்தில் நின்றவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். மேலே மாட்டிய லாரியை நகர்த்தக் கீழேயிருந்து கிரேன் வர வேண்டும், கிரேன் வருகிற வழியும் அதே வழிதான். உங்களுக்குச் சேலம் வழி இருக்கிறது. எங்களுக்கு வேறு எந்த வழி இருக்கிறது?

மாயாறு:
ஐயா சொல்வது நியாயம். உள்ளூர்க்காரர்களுக்கு விலக்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். கரும்பு லாரிகளைப் பாருங்கள். பக்கப் பலகைக்கு மேல் மனித உயரத்துக்கு அடுக்கி, கயிறு கட்டி வருகிறார்கள். கட்டு சரிந்து கரும்பு விழுகிறது, சிலர் வேண்டுமென்றே உருவிப் போடுகிறார்கள். அதைத் தின்று பழகிய யானை காரப்பள்ளம் பக்கம் லாரியை மறித்து நிற்கிறது. நாளை ஒரு கிளீனரை அது மிதித்தால் அந்த யானையைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள்.

தாளவாடி விவசாயி:
கரும்பு விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. உயரத்தைக் குறைத்து ஏற்றினால் நடை கூடும், வெட்டுக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் மேல் எங்கள் கையில் என்ன நிற்கும் என்று ஆலைக்காரர்களிடமும் கேளுங்கள். வாடகை டன் கணக்கில் இருக்கும்வரை அடுக்கத்தான் செய்வார்கள்.

சத்தி புக்கிங்:
ஆளுக்கொரு பக்கம் சொல்லிவிட்டீர்கள். ட்ரெய்லர் பேச்சை நான் விட்டுவிடவில்லை. பகலிலாவது, ஆள் போட்டு, ஒரு வண்டி இறங்கிய பிறகு அடுத்தது என்று விடலாம். சுற்று வழியில் தொப்பூர்க் கணவாயில் நடக்கிற விபத்துகள் மட்டும் விபத்து இல்லையா? காட்டைக் காப்பாற்ற ஓட்டுநரை இன்னொரு மலைக்கு அனுப்பியிருக்கிறோம், அவ்வளவுதான்.

பத்துச்சக்கரம் தம்பிக்கு ஒரு கேள்வி. மூன்று மணிக்கு ஏற்றி விரட்டாதே என்கிறாய். சரி. அந்த வண்டி ராத்திரி முழுக்க நிற்கிறதே, அந்தக் காத்திருப்புக்கான ஹால்ட்டிங் பணத்தை யார் கொடுப்பது? வண்டி முதலாளி என்னைக் கேட்பார். சரக்குக்காரர் கைவிரிப்பார்.

பத்துச்சக்கரம்:
அண்ணா, இப்போது அந்த இரவுக்கு விலை கொடுக்கிறவன் நான். சாவடியில் கேபினில் படுத்துக் கிடந்தால் படி கிடையாது. "நீதானே தாமதமாக வந்தாய்" என்பார்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளைக்கு 8 மணி நேர வேலை என்று சொன்னது. நான் ஏழு மணிக்குக் குவாரியில் நின்ற நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

தொப்பூர் பற்றிச் சொன்னீர்கள், உண்மைதான். அங்கேயும் இறக்கத்தில் கியரை நியூட்ரல் செய்து டீசல் மிச்சம் பிடிக்கிறவன்தான் அடிபடுகிறான். டீசல் கணக்கை இறுக்கிப் பிடிப்பது யார் என்று உங்களுக்கே தெரியும்.

நான் கேட்பது சின்ன விஷயம். லோடிங் சீட்டில் எடை எழுதுகிறீர்கள், வாடகை எழுதுகிறீர்கள், அட்வான்ஸ் எழுதுகிறீர்கள். வண்டி குவாரிக்குள் வந்த நேரத்தையும், ஏற்றி முடித்த நேரத்தையும் அதே சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திம்பம் வழி வண்டி என்றால் மதியம் ஒரு மணிக்குப் பிறகு ஏற்றியது மறுநாள் காலைதான் புறப்படும் என்று ஒரு வரி அச்சடியுங்கள். தாமதம் யாரால் என்று சீட்டே சொல்லும், ஹால்ட்டிங் அவர் தலையில். சத்தியில் இருக்கிற புக்கிங் ஆபீஸ்கள் பத்தும் சேர்ந்து இதைச் செய்தால் சரக்குக்காரர் வேறு எங்கே போவார்?

சத்தி புக்கிங்:
பத்தும் சேர்ந்தால் சரி. ஒருவர் நழுவினாலும் லோடு அவரிடம் போய்விடும், அதுதான் தொழில். இருந்தாலும் நேரம் எழுதுகிற விஷயத்தைச் சங்கக் கூட்டத்தில் வைக்கிறேன். நீயும் உன்னோடு ஓட்டுகிறவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வா. நான் மட்டும் சொன்னால் எடுபடாது.