ரைசன் 9 9950எக்ஸா, கோர் அல்ட்ரா 9 285கேயா? கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. சுங்கை சிப்புட்டில் கல்யாண வீடியோ எடுத்து, எடிட் செய்து கொடுக்கிறேன். பழைய கணினி இனித் தாங்காது. புதியதற்கு ஏஎம்டியின் ரைசன் சிப்பா (சிப் என்றால் கணினியின் மூளையான பிராசசர்), இன்டெலின் கோர் அல்ட்ரா சிப்பா என்று யோசிக்கிறேன். போன வாரம் தாலி கட்டும் காட்சியை ஓடவிட்டேன். கெட்டிமேளம் கேட்கிறது, மாப்பிள்ளையின் கை மட்டும் தாலியோடு அப்படியே நிற்கிறது. பக்கத்தில் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தார். மனசு கஷ்டமாகிவிட்டது.

ரைசனில் 16 கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி), 32 திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை). இன்டெலில் 24 கோர் என்றாலும் 8தான் பெரியவை, மற்ற 16 சிறியவை, திரெட்டும் 24தான். ரைசன் பொருந்தும் ஏஎம்5 மதர்போர்டு என்றால் பிறகு சிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் மனம் ரைசன் பக்கம்தான் சாய்கிறது.

ஆனால் என் கேமராவில் பதிவாவது 10 பிட் 4:2:2 எச்.265 என்ற, நிற விவரம் அதிகமுள்ள சுருக்கிய வீடியோ வகை. இன்டெல் சிப்பிலேயே இருக்கும் கிராபிக்ஸ் அதை நேராகப் பிரித்துக் கொடுத்துவிடும். ரைசனில் இருப்பதும் செய்யாது, என்னிடம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் அட்டையும் செய்யாது. நாள் முழுக்க டைம்லைனை இழுத்துக்கொண்டிருக்கும் எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

அப்புறம் சூடு. முழு வேகத்தில் இன்டெல் 250 வாட் வரை, ரைசன் 230 வாட் வரை இழுக்கும். என் அறைக்குத் தகரக் கூரை, ஏர்கோன் கிடையாது.

ரைசனில் 4:2:2 கோப்புகளை ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் எடுக்கும் இலேசான நகல்) போடாமல் எடிட் செய்கிறவர்கள் இருக்கிறீர்களா? இந்தச் சூட்டுக்குக் காற்றுக் கூலர் போதுமா, தண்ணீர்க் கூலர் வேண்டுமா? ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் ஈப்போ போய் வாங்கிவிட வேண்டும்.