சத்தம் தாண்டாம இருக்க சுவத்துக்கு டேம்பிங் (அதிர்வை அடக்கற பசை, ஷீட்டு) போட்டவங்க வாங்க, உங்களுக்கு என்ன ஆச்சு?

ராத்திரிப்பறவை:

ஹாலைப் பாதியா தடுத்து ஜிப்சம் பார்ட்டிஷன், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அப்பாவும் டிவியும். மீதி உங்களுக்கே தெரியும். ஃபால்ஸ் சீலிங் போடற அண்ணன் ஒருத்தர், ட்யூப்ல வருதே அந்த டேம்பிங் பேஸ்ட், அதைப் போர்டு முதுகுல வளைச்சு வளைச்சு விட்டு பழைய போர்டு மேல இன்னொண்ணா அடிச்சார். அடிக்கறதுக்கு முன்னாடி, வேற எங்கயோ செஞ்ச வேலையில மீந்த துண்டு ஒண்ணை எடுத்து முட்டியால தட்டிக் காட்டினார். வெறும் போர்டு 'டொங்'குன்னுது, பேஸ்ட் நடுவுல இருக்கற துண்டு 'தொப்', பரோட்டா மாவை அறைஞ்ச மாதிரி. அந்த 'தொப்'புக்கே நான் காசை எண்ணிக் குடுத்துட்டேன்.

செட் ஆக மூணு நாலு வாரம் ஆகும்னார், ஆச்சு. சீரியல் வசனம் புரியறது நின்னுடுச்சு, 'ஸ்ஸ்'னு வர்ற எழுத்தெல்லாம் காணோம். பின்னணி மியூசிக்கோட 'தும் தும்' மட்டும் அப்படியே. சரி அதை விடுங்க. ஒரு நாள் கரண்ட் போச்சு, அப்பா மொபைல் டார்ச் அடிச்சுக்கிட்டு தண்ணி குடிக்க எழுந்திரிக்கறார், என் பக்கத்து ப்ளக் பாயிண்ட்ல நூல் மாதிரி வெளிச்சம். ரெண்டு பக்க ஸ்விட்ச் பாக்ஸையும் முதுகோட முதுகா வச்சிருக்காங்க! விடிய விடிய அந்த ஓட்டையையே பார்த்துக்கிட்டு படுத்திருந்தேன்.

குரல்காரி:

உங்களுக்காவது சரியான பேஸ்ட். நான் வீட்லயே ஒரு மூலையில டப்பிங் ரூம் கட்டினப்போ, ரெண்டு ஜிப்சம் போர்டுக்கு நடுவுல ஏதோ ஒட்டினா போதும்னு நினைச்சு சாதா மரவேலைப் பசையை முழுசா தடவி ஒட்டச் சொல்லிட்டேன், கல்லு மாதிரி இறுகிடுச்சு. இறுகினதுதான் தப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ரெண்டு போர்டும் ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் வழுக்கணும், அந்த வழுக்கல்ல நடுவுல இருக்கற பிசினு இழுபட்டு சத்தத்தைச் சூடா மாத்தணும், அதுதான் டேம்பிங். நான் பண்ணது ஒரே கனமான போர்டு. 12.5 மில்லிமீட்டர் போர்டுக்கு சத்தம் பிச்சிக்கிட்டு உள்ள வர்ற சுருதி 2500 ஹெர்ட்ஸ் பக்கம், ரெண்டும் ஒண்ணா இறுகிட்டா அது பாதியா இறங்கி பேச்சுக்கு நடுவுலயே வந்து உக்காந்துக்குது.

ஒரு அழுகை சீனுக்கு நாப்பது டேக் போச்சு. மறுநாள் காலையில பால் பாக்கெட் எடுக்கப் போனா பக்கத்து வீட்டு மாமி நிறுத்தி, "ஏம்மா, என்னை விட்டுடுன்னு ராத்திரி பூரா சொன்னியே, விட்டானா இல்லையா?"ங்கறாங்க. சீன் என்னன்னு விளக்கி சொன்னேன், நம்பினாங்களான்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல.

செங்கல்சூளை:

ரெண்டு பேரும் தப்பான இடத்துல காசைப் போட்டுட்டு பேஸ்டைப் பத்திப் பேசறீங்க. சுவர்னா கனம். நாலரை இஞ்ச் செங்கல் சுவர் ரெண்டு பக்கமும் பூச்சோட சதுர மீட்டருக்கு சுமார் 250 கிலோ, உங்க போர்டு ஒரு அடுக்கு அதே சதுர மீட்டருக்கு ஒம்போது கிலோ சொச்சம். கனம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் கிட்ட குறையும், கணக்கு அவ்வளவுதான். பேஸ்டு தகடு அதிர்ற இடத்துல மட்டும்தான் வேலை செய்யும், 'தும் தும்'முக்கு அது என்ன பண்ணும்? எனக்கு நடந்தது ஒண்ணே ஒண்ணு, புது ஃப்ளாட்ல லேசான சிமெண்ட் பிளாக் சுவர், பக்கத்து வீட்டுத் தம்பி குறட்டை விடறதுல எந்தப் பக்கம் புரண்டு படுத்தான்னு கூட சொல்லிடுவேன்.

இப்ப முக்கியமானதைக் கேளுங்க. முதல்ல போய் கதவைப் பாருங்க. கதவுக்குக் கீழ முக்கால் இஞ்ச் சந்து இருக்கும், மூணடிக்கு ஏழடி கதவுல அது கிட்டத்தட்ட நூத்துல ஒரு பங்கு இடம். நூத்துல ஒரு பங்கு திறந்திருந்தா மீதி தொண்ணூத்தொம்பதும் இரும்பா இருந்தாலும் மொத்தமா 20 டெசிபலுக்கு மேல நிக்காது. அதனால கீழ ரப்பர் பட்டை, மூணு பக்கமும் நிலைக்கு பட்டை, சாவி ஓட்டைக்கு மூடி. கதவு ஃப்ளஷ் டோரா, உள்ள வெத்துக்கூடான்னு தட்டிப் பாருங்க, வெத்துக்கூடுன்னா மாத்துங்க. அப்புறம் ஜன்னல், ஏசி பைப் போற ஓட்டை, பீமுக்கும் சுவத்துக்கும் நடுவுல பூசாம விட்ட இடுக்கு. முட்டை அட்டை ஒட்டறவங்க, ஸ்பாஞ்சு ஒட்டறவங்க எல்லாம் தயவுசெஞ்சு நிறுத்துங்க, அது ரூமுக்குள்ள எதிரொலியைத்தான் குறைக்கும், சுவரைத் தாண்டறதைத் தடுக்காது. இதெல்லாம் முடிச்சதுக்கு அப்புறம் பேஸ்டைப் பத்தி யோசிங்க.

ராத்திரிப்பறவை:

அண்ணே நான் கதவைப் பத்தி கேக்கவே இல்லையே. ஸ்விட்ச் பாக்ஸைப் பத்தி சொன்னேன்.

நிலவறைவாசி:

நாங்கள் கனடாவில, ஸ்காபரோவில பேஸ்மென்டில இருக்கிறம், மேல வீட்டுக்காரர், பாவம், நல்ல மனுசர், ஆனா சின்னப் பிள்ளையள். சீலிங்குக்கு இரும்புச் சேனல் அடிச்சு அதில ரெண்டு போர்ட், நடுவில டேம்பிங். அவை கதைக்கிறது அரைவாசி குறைஞ்சு போச்சு, பிள்ளை ஓடுற 'திடும் திடும்' கொஞ்சமும் குறையேல்லை. ஒரு வருசத்துக்குப் பிறகு தண்ணிக் குழாய் ஒழுகி ஒரு மூலையைக் கழட்ட வேண்டி வந்தது. கழட்டினா, ஸ்க்ரூ நீளம் கூடி சேனலைத் துளைச்சு நேரா மர பீமுக்கையே ஏறி இருக்கு. ஒண்டு ரெண்டில்லை, நான் எண்ணின அந்தத் துண்டில மட்டும் பதினொண்டு. தொங்க வேண்டிய சீலிங்கை நானே ஆணி அடிச்சுப் பூட்டிப் போட்டன். செங்கல்சூளை அண்ணை, இஞ்ச வீடெல்லாம் மரக்கட்டை, செங்கல் சுவர் வைக்கச் சொன்னா எங்க கொண்டுபோய் வைக்கிறது?

தகரக்கொட்டாய்:

கனம் மட்டும்தான்னு ஒருத்தர் அடிச்சு சொல்லிட்டாரு, எங்க மொட்டை மாடி ரூமுக்கு வந்து பாருங்கண்ணே. சுவர் செங்கல்தான், கூரை தகர ஷீட். மழை பெஞ்சா போன் பேச முடியாது, அம்மாவுக்குத் தூக்கமே கிடையாது. கார் கதவுக்குள்ள ஒட்டறாங்களே, ஒரு பக்கம் அலுமினியத்தாள், ஒரு பக்கம் பியூட்டைல் ரப்பர், அந்த ஷீட்டைத் தகரத்துக்கு அடியில ஒட்டிப் பார்க்கலாம்னு தோணுச்சு. கடைக்காரர் விலை கம்மின்னு தார் ஷீட்டைத் தள்ளப் பார்த்தாரு, வெயில்ல உருகித் தலையில வழியும்னு வேண்டாம்னுட்டேன். கையில இருந்த காசுக்குக் கூரையில பாதிதான் வந்துச்சு. அண்ணாந்து நின்னு ரோலரால தேய்ச்சுத் தேய்ச்சு ஒட்டினதுல கழுத்து ஒரு வாரம் திரும்பல.

ஐப்பசியில ஒரு சாயங்காலம் மழை பிடிச்சுது. ரூம் நடுவுல நிக்கறேன், ஒரே மழை, இடது காதுல 'டணடணடண'ன்னு சில்வர் தட்டு உருள்ற சத்தம், வலது காதுல 'பொத்து பொத்து'ன்னு மண்ணுல விழற மாதிரி. ஒரு அடி அந்தப் பக்கம் வச்சா ஒரு மழை, இந்தப் பக்கம் வச்சா இன்னொரு மழை. உருள்ற தட்டு மேல கையை வச்சா டக்குனு அடங்குமே, அதேதான். ஷீட்டோட கனமும் கூடுச்சு ஒத்துக்கறேன், ஆனா கனம் கூடினா சத்தம் சின்னதாகும், இப்படி வாலை நறுக்கின மாதிரி ஆகாது.

அம்மா ஒண்ணும் கேக்கல. சுத்திமுத்தி அண்ணாந்து பார்த்துட்டு, "கட்டிலைப் பிடி, அந்தப் பக்கம் போட்டுரு"ன்னாங்க. மீதிப் பாதிக்கு ஷீட் இன்னும் வாங்கல, அங்க இப்ப நான் படுக்கறேன்.