லாஜிக்கலா யோசிக்க எப்படி பழகறது? பசில் ஆப் மட்டும் போதுமா?

அரைவேக்காடு:
மக்களே ஒரு டவுட். ரொம்ப நாளா பசில் ஆப்லயே கிடக்கறேன், சுடோகு ஹார்ட் லெவல் எல்லாம் அசால்ட்டா போடறேன், ஆனா யாராவது எதிர்ல உக்காந்து ஒரு விஷயத்தை அடிச்சு பேசுனா அதுல எங்க ஓட்டைன்னு அந்த நேரத்துல பிடிபடவே மாட்டேங்குது. கிரிட்டிக்கல் திங்கிங்னு சொல்றாங்களே, அதெல்லாம் பழகி வர்ற விஷயமா இல்ல பிறவியிலயே வரணுமா? புக் லிஸ்ட் வேணாம், தினமும் செய்யற மாதிரி சொல்லுங்க.

வெட்டிப்பேச்சு:
சுடோகு போட்டா சுடோகு நல்லா வரும், அவ்ளோதான் பாஸ். இதை முயற்சி பண்ணுங்க, 1966ல பீட்டர் வேசன்னு ஒரு உளவியல்காரர் வச்ச டெஸ்ட், எழுத்தை மட்டும் நம்ம எழுத்தா மாத்தியிருக்கேன். நாலு கார்டு: அ, க, 4, 7. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தா மறுபக்கம் இரட்டைப்படை எண்தான் இருக்கும்", இது உண்மையான்னு பார்க்க எந்தெந்த கார்டை கண்டிப்பா திருப்பணும்? நிறைய பேர் அ, 4ன்னு சொல்வாங்க. சரியான விடை அ, 7.

அரைவேக்காடு:
7 ஓகே, பின்னாடி உயிரெழுத்து இருந்தா ரூல் காலி. ஆனா 4 ஏன் வேணாம்? அதுலதானே இரட்டைப்படை இருக்கு?

குறுக்குக்கேள்வி:
4க்கு பின்னாடி க இருந்தாலும் ரூல் உடையாது, ஏன்னா மெய்யெழுத்து, உயிர்மெய் பத்தி ரூல் வாயே திறக்கல. இதையே 1982ல கிரிக்ஸ், காக்ஸ்னு ரெண்டு பேர் வேற மாதிரி கேட்டாங்க: பீர் குடிக்கறவருக்கு 19 வயசு தாண்டியிருக்கணும், கார்டுல பீர், கோக், 22, 16. இப்ப யாரை செக் பண்ணுவீங்க? பீர் குடிக்கறவரையும் 16 வயசுக்காரரையும்தானே, 22 வயசுக்காரர் என்ன குடிச்சா நமக்கென்ன. அதே லாஜிக்தான், ஆனா இதுல முக்கால்வாசி பேர் கரெக்டா சொல்லிட்டாங்க. அதனால ஆப்பை மூடிட்டு, நீங்க தினமும் பேசற, உங்களுக்கு அத்துப்படியான விஷயத்துலயே பழகுங்க. ஒரு கருத்து சொன்னதும் "என்ன தெரிஞ்சா இது தப்புன்னு ஒத்துப்பேன்?"னு ஒரு வரி எழுதி வைங்க. எழுத வரலைன்னா அது வெறும் நம்பிக்கைதான், நம்புங்க, ஆனா சண்டைக்கு போகாதீங்க 😄

கணக்குப்புலி:
மேல சொன்னதோட ஒண்ணு, சதவீதம் கேட்டா உடனே ஆளா மாத்துங்க. ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்ற நோய், நோயாளியை விடாம கண்டுபிடிக்கற டெஸ்ட், ஆனா நோய் இல்லாதவங்கள்ல 5% பேருக்கும் பாசிட்டிவ்னு காட்டும்னு வைங்க. பாசிட்டிவ் வந்தவருக்கு நிஜமாவே நோய் இருக்க வாய்ப்பு? 95%ன்னு வாய் தானா சொல்லும். ஆயிரம் பேரை வரிசையா நிக்க வச்சு பாருங்க, நோயாளி 1, சும்மா பாசிட்டிவ் வந்தவங்க சுமார் 50. ஆக 51ல ஒண்ணு, ஏறக்குறைய 2%.

வெட்டிப்பேச்சு:
இன்னொண்ணு, எதிராளி சொன்னதை முதல்ல "ஆமா, இதைத்தான் சொன்னேன்"னு அவரே ஒத்துக்கற மாதிரி திருப்பி சொல்லிட்டு அப்புறம் கேள்வி கேளுங்க. ஓட்டை தேட டைமும் கிடைக்கும், பாதி நேரம் சொன்னவரே "இல்ல இல்ல, நான் அப்படி சொல்லல"ன்னு பின்வாங்கிடுவார்.

அரைவேக்காடு:
இது எனக்கு செட் ஆகும் போல. க கார்டும் வேணாம், புரிஞ்சிடுச்சு, யாரும் விளக்க வேணாம் 😂