பைபர் அறுந்தும் மாறாத லைன்: ஓஎல்பி அமைத்த நால்வரின் அனுபவம்

இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஓஎல்பி (ஆப்டிகல் லைன் புரொடெக்‌ஷன்) கார்டு போட்டு, ஒரு பைபர் பாதை அறுந்தால் இன்னொன்றுக்குத் தானாக மாறும்படி அமைத்திருந்தோம். நான்கு மாதம் கழித்துப் பாதை அறுந்தது. கார்டு மாறவே இல்லை. 40 நிமிடம் சேவை இல்லாமல் போனது. இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

எங்களுடையது 1+1 வகை. அனுப்பும் பக்கம் 50:50 ஸ்பிளிட்டர், ஒரே ஒளியை இரண்டு பாதைகளிலும் எப்போதும் அனுப்பிக்கொண்டிருக்கும். பெறும் பக்கம் ஆப்டிகல் சுவிட்ச், இரண்டிலும் வரும் பவரை அளந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். 50 மில்லி செகண்டுக்குள் மாறிவிடும். ஸ்பிளிட்டரில் 3 டிபிக்குச் (டெசிபல், அதாவது பாதி ஒளிக்குச்) சற்று மேல் இழப்பு உண்டு, சுவிட்சிலும் கொஞ்சம் போகும். இதையெல்லாம் லிங்க் பட்ஜெட்டில், அதாவது ஒளி இழப்புக் கணக்கில், முதலிலேயே கழித்திருந்தோம். அதுவரை சரி.

த்ரெஷோல்டில், அதாவது பவர் எதற்குக் கீழே போனால் மாறவேண்டும் என்ற அளவில்தான் தவறினோம். வழக்கமாக வரும் பவர் மைனஸ் 6 டிபிஎம் (ஒளியின் பவரை அளக்கும் அலகு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு). மாறவேண்டிய அளவை மைனஸ் 25 என்று வைத்தோம். பைபர் அறுந்தால் ஒளியே வராது, எனவே மைனஸ் 25 போதும் என்று நினைத்தோம். சோதனைக்கு எங்கள் ரேக்கில் வந்து சேரும் பேட்ச் கார்டை (சிறு இணைப்புக் கேபிளை) உருவினோம், உடனே மாறியது. வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

ஆனால் பாதையின் நடுவில் ஓர் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. கட் விழுந்தது அதற்கு முந்தைய பகுதியில். எர்பியம் ஆம்ப்ளிஃபயருக்குள் சிக்னல் வராவிட்டாலும், பம்ப் லேசர் எரியும்வரை அது தானே ஓர் இரைச்சல் ஒளியை உமிழ்ந்துகொண்டிருக்கும். ஏஎஸ்இ என்பது அதுதான். உள்ளீடு போனால் தானாக அணையும் அமைப்பு அதில் உண்டு, ஆனால் நிறுவும்போது யாரோ அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்களுக்கு வந்தது மைனஸ் 17. ஓஎல்பி மொத்தப் பவரை மட்டும்தான் பார்க்கிறது, அந்த ஒளியில் தகவல் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மைனஸ் 17 என்பது மைனஸ் 25க்கு மேலே இருப்பதால் பாதை நன்றாக இருப்பதாகவே எடுத்துக்கொண்டது.

டிரான்ஸ்பாண்டரில் (தகவலை ஒளியாக மாற்றி அனுப்பிப் பெறும் கருவியில்) சிவப்பு அலாரம், ஓஎல்பியில் பச்சை விளக்கு. அந்தப் பச்சையை நம்பியதால்தான் 40 நிமிடம் டிரான்ஸ்பாண்டரையே குடைந்துகொண்டிருந்தோம். கடைசியில் ஒருவர் ஃபோர்ஸ்ட் சுவிட்ச் (கட்டாயமாக மாற்றும்) கட்டளை கொடுத்துப் பார்க்கலாம் என்றார். கொடுத்த கணமே லிங்க் வந்துவிட்டது.

அப்புறம் த்ரெஷோல்டை மைனஸ் 11க்கு ஏற்றினோம், அதாவது வழக்கமான பவருக்கு 5 டிபி கீழே. ஒவ்வொரு ஸ்ப்ளைஸ் (அறுந்த பைபரை ஒட்டும்) பழுதுபார்ப்புக்குப் பிறகும் பாதையின் இழப்பு மாறும், அதனால் அந்த எண்ணையும் திரும்பப் பார்க்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் தானியங்கி அணைப்பை இயக்கினோம். இப்போது சோதனைக்கு ரேக்கில் உருவுவதோடு விடுவதில்லை. ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுப் பக்கத்திலும் கழற்றிப் பார்க்கிறோம், இரண்டு திசைகளையும் தனித்தனியாக. பழைய பாதைக்குத் தானாகத் திரும்புவதையும் நிறுத்திவிட்டோம். ஸ்ப்ளைஸ் செய்யும்போது ஒளி வந்து வந்து போகும். திரும்பும் முன் காத்திருக்கும் நேரம் 5 நிமிடம் என்று இருந்தாலும், ஒட்டுவேலை நடுவில் அந்த 5 நிமிடம் முடிந்து லைன் திரும்பிவிட வாய்ப்புண்டு.

*

அண்ணா, இரண்டு திசை என்று நீங்கள் சொன்னதும் எங்களுக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. எங்கள் முதன்மைப் பாதை 40 கிலோமீட்டர், மாற்றுப் பாதை 70. கனெக்டர் ஒன்றில் அழுக்கு சேர்ந்து ஒரு திசை மட்டும் மாற்றுப் பாதைக்குப் போனது. டேட்டா நன்றாக ஓடியது, யாரும் கவனிக்கவில்லை. மொபைல் தளங்களில் நேர ஒத்திசைவு கெட்டுப்போனது. பைபரில் ஒளிக்குக் கிலோமீட்டருக்கு சுமார் 5 மைக்ரோ செகண்ட் ஆகும். 30 கிலோமீட்டர் வித்தியாசம் என்றால் 150. போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்று பிடிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறை) கணக்கிடுவதால் அதில் பாதி, 75 மைக்ரோ செகண்ட் பிழையாக நிற்கும். டிடிடி தளங்கள் (ஒரே அலைவரிசையில் நேரம் மாற்றி அனுப்பிப் பெறும் மொபைல் தளங்கள்) தாங்குவது 1.5 மைக்ரோ செகண்ட் மட்டுமே. கார்டில் இரு முனையும் சேர்ந்து மாறும் முறையை இயக்கியதும் சரியானது. பிடிபி ஓடும் லிங்கில் ஒரு திசை மட்டும் மாறுவதை அனுமதிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

*

ஓஎல்பி ஒழுங்காக மாறியும் எங்களுக்குச் சேவை போயிருக்கிறது. சுவிட்ச் மாறிய பின் ரிசீவர் சிக்னலை மறுபடி பிடிக்கக் கூடுதல் நேரம் ஆகும். அதற்குள் ரூட்டர் போர்ட் விழுந்துவிட்டதாக அறிவித்து, ரூட்டிங் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டது. லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று ரூட்டர்கள் பார்த்துக்கொள்ளும் பிஎஃப்டியும், 50 மில்லி செகண்ட் இடைவெளியில் 3 செய்தி தவறினால், அதாவது 150 மில்லி செகண்டில், கைவிடும்படி இருந்தது. மாறி முடிய உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று டெஸ்டர் வைத்து அளந்து, அதற்கு மேல் போர்ட் காத்திருக்கும்படி வைத்தோம். பிஎஃப்டியையும் அதற்கேற்ப நீட்டினோம்.

*

கார்டு அமைப்பெல்லாம் எங்களுக்குச் சரியாகவே இருந்தது. வரைபடத்தில் இரண்டு பாதைகள், ஆனால் கட்டடத்துக்குள் நுழையும் கடைசி 200 மீட்டரில் இரண்டு கேபிளும் ஒரே டக்டில் (நிலத்தடிக் குழாயில்). தோண்டும் இயந்திரம் இரண்டையும் சேர்த்தே அறுத்தது. இப்போது ஒவ்வொரு மேன்ஹோலையும் திறந்து, கேபிளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஓஎல்பி ஆர்டரே போடுகிறோம்.