‘அன்னா கிறிஸ்டி’: கடைசி வசனம் யார் காதிலும் விழுவதில்லை

அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓ’நீலின் ‘அன்னா கிறிஸ்டி’ நாடகத்தை (1921) நியூ ஜெர்சியில் எங்கள் சிறு குழு அடுத்த மாதம் மேடையேற்றுகிறது. நான்காம் அங்கம் பிடிகொடுக்க மறுக்கிறது. அன்னா சிலுவை மேல் சத்தியம் செய்து காதலன் பர்க்குடன் சேர்ந்ததுமே, ஒத்திகை பார்க்க வந்தவர்கள் கல்யாணம் முடிந்ததுபோல் கைதட்டி எழுந்துவிடுகிறார்கள். மகளைச் சிறுவயதிலேயே உறவினர் பண்ணையில் விட்டுவிட்ட அன்னாவின் அப்பா கிறிஸ், கடைசி வசனத்தில் பனிமூட்டத்தைப் பார்த்துக் கடலைச் சபிப்பது எடுபடுவதே இல்லை. அவனும் பர்க்கும் அன்னாவை விட்டுவிட்டு ஒரே கப்பலில் கேப் டவுன் போகவிருக்கும் கசப்பும் சிரிப்பாகிவிடுகிறது. (இதைச் சுபமுடிவு என்றவர்கள்மேல் ஓ’நீலுக்கே சலிப்புதான்.)

விளக்கை மங்கலாக்கினோம், பீர் குவளைகளை உயர்த்தும் இடத்தில் மௌனத்தை நீட்டினோம். புகையும் விட்டோம், இருமல்தான் மிச்சம். கிரேட்டா கார்போ நடித்த 1930 படத்தையும் பார்த்தாயிற்று. கேமராவுக்கு உள்ள வசதி மேடைக்கு ஏது?

வசனத்தை வெட்டாமல், கிறிஸ் பேசி முடிக்கும்வரை அந்தக் கைதட்டலைத் தள்ளிவைக்க என்ன வழி?